ரூமியின் கோடுகளும் என் முழுக்கை ஜாக்கெட்டும்

காலாண்டு விடுமுறையில் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் விடிந்ததிலிருந்தே மழை. ஏரிப் பக்கம்கூடப் போக முடியவில்லை. அவள் என் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து 'கேபாப் டீமன் ஹண்டர்ஸ்' படத்தைப் போட்டாள். அவளுக்கு நான்காவது தடவை, எனக்கு முதல் தடவை. படம் பாதி ஓடியிருக்கும். திடீரென்று நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். ஸ்வெட்டருக்கு வெளியே தெரிந்த வெள்ளைத் திட்டின் ஓரத்திலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்து, ஸ்வெட்டர் விளிம்பு வந்ததும் நிறுத்தினாள்.

"அத்தை, இது எது வரைக்கும் போகுது?"

எனக்கு 41 வயது. வெண்புள்ளி வந்தது 13 வயதில். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை முகம் சுளிக்காமல், குரல் தாழ்த்தாமல் யாரும் கேட்டதில்லை. கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினேன். "ரூமிக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் படத்தை மறுபடி ஓடவிட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது அவ்வளவுதான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தன்னியல்பாக இருப்பது, ஓர் இடத்தைச் சேர்ந்தவராக உணர்வது, மனம் ஆறுவது என்று உளவியலில் அடிக்கடி காதில் விழும் மூன்று விஷயங்கள் உண்டு. தனித்தனியாகப் படிக்கும்போது மூன்றும் புத்திமதி மாதிரி இருக்கும். இந்தப் படம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. அந்தக் கயிறு, மறைத்தல். அதை வைத்தே இந்த மூன்றையும் விளக்கிப் பார்க்கிறேன். கதையை முழுதாகச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டும் வரலாம்.

படம் 2025 ஜூன் 20 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மேகி காங், கிறிஸ் ஆப்பிள்ஹான்ஸ் இருவரும் இயக்கியது. ஆகஸ்டுக்குள் நெட்ஃபிளிக்ஸில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட படமாகிவிட்டது. அதில் வரும் 'கோல்டன்' பாட்டு அதே மாதம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜூன் 25 உலக வெண்புள்ளி தினம். அதற்கு ஐந்து நாள் முன்னால், தோலில் இருக்கும் கோடுகளை மறைக்கும் ஒரு பெண்ணின் கதை வந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது பெரிதாகப் பட்டது.

கதை இதுதான். ரூமி, மிரா, ஜோயி மூவரும் கொரியாவின் புகழ்பெற்ற பாடகிகள். ரகசியமாகப் பேய் வேட்டையும் ஆடுகிறார்கள். அவர்கள் குரலால்தான் 'ஹொன்மூன்' என்ற காவல் வலை உலகத்தைச் சுற்றி நிற்கிறது. ரூமியின் அம்மா வேட்டைக்காரி, அப்பா பேய். பேய்களுக்கு உடம்பில் இருக்கும் ஊதாக் கோடுகள் ரூமிக்கும் உண்டு. அம்மா இறந்த பிறகு அவளை வளர்த்த செலின், கோடுகளை யாருக்கும் காட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறாள். வலை பொன்னிறமானால் பேய்கள் ஒழியும், உன் கோடுகளும் மறையும், அதுவரை மூடி வை என்பதுதான் கணக்கு. ரூமி கழுத்து வரை மூடிய உடை போடுகிறாள். தோழிகள் பொதுக் குளியல் கூடத்துக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்கு சொல்கிறாள். கோடுகள் ஏறிக்கொண்டே போய்த் தொண்டையைத் தொடும்போது குரல் உடைகிறது.

குளியல் கூடத்தைப் பற்றிய அந்தச் சின்னக் காட்சியில்தான் நான் படத்துக்குள் போனேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் வகுப்பே கிளியூர் அருவிக்கு வந்தது. எல்லோரும் நனைந்துகொண்டிருந்தார்கள். நான் மேலே பாறையில் பதினான்கு பைகளுக்குக் காவல். "எனக்குச் சளி புடிச்சுக்கும்டி" என்று சொன்னேன். அன்றைக்கு நல்ல வெயில்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இரண்டு உணர்வுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். குற்றவுணர்வு ஒன்று, அவமான உணர்வு ஒன்று. இரண்டையும் நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-ல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். 'ஐயோ, அப்படிச் செய்துவிட்டேனே' என்பது குற்றவுணர்வு. அதில் கண் போவது செய்த காரியத்தின் மேல். 'ஐயோ, நான் இப்படிப்பட்டவளாச்சே' என்பது அவமானம். அதில் கண் போவது ஆள் மேல். குற்றவுணர்வுக்கு ஒரு வேலை உண்டு: மன்னிப்புக் கேட்கலாம், வாங்கியதைத் திருப்பித் தரலாம், இனி செய்யாமல் இருக்கலாம். அவமான உணர்வு வந்தவருக்குச் செய்ய எதுவும் இருக்காது. ஒளிய வேண்டும் என்றுதான் தோன்றும்.

நம்மிடம் இந்தப் பிரிவு புதிது கிடையாது. நாணுடைமை அதிகாரத்தை வள்ளுவர் 'கருமத்தால் நாணுதல்' என்றுதான் தொடங்குகிறார். 1011-வது குறள். தகாத செயலுக்காக வெட்கப்படுவதுதான் நாண், மற்றதெல்லாம் வேறு என்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. இப்போது அந்த முதல் சொல்லிலேயே நிற்கிறேன். கருமத்தால். ரூமி எந்தக் கருமமும் செய்யவில்லை, பிறந்தாள். நான் எதையும் செய்யவில்லை, தோலில் நிறம் கொடுக்கும் செல்களை என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தாக்கியது. வெண்புள்ளி என்பது அவ்வளவுதான். உலக மக்களில் 0.5 முதல் 2 சதவீதம் பேருக்கு இருக்கிறது. தொட்டால் ஒட்டாது. தொழுநோய் கிருமியால் வருவது, இதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அப்படியிருந்தும் 'வெண்குஷ்டம்' என்று ஒரு பெயரை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள்.

படத்தில் இதற்கு எதிர்ப்பக்கம் ஜினு என்ற பேய். நானூறு வருடத்துக்கு முன்னால் வறுமையில் கிடந்தவன், அம்மாவையும் தங்கையையும் விட்டுவிட்டு, தனக்கு மட்டும் சுகத்தை வாங்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனவன். அவன் சுமப்பது கருமத்தால் வந்த நாண். கடைசியில் ரூமிக்காகத் தன்னையே கொடுத்துத்தான் அதைத் தீர்க்கிறான். ரூமிக்கும் ஜினுவுக்கும் உள்ளே ஒலிப்பது ஒரே மாதிரிக் குரல்தான், நீ இதற்குத்தான் லாயக்கு என்ற குரல். ஆனால் ஒருவனுக்குத் தீர்க்க ஒரு கடன் இருந்தது, மற்றவளுக்குக் கடனே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம்மில் பலர், இல்லாத கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது மறைப்பதில் உள்ள வேலை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-ல் எழுதிய புத்தகத்தில், சமூகம் குறை என்று முத்திரை குத்தும் விஷயங்களை இரண்டாகப் பிரித்தார். பார்த்தவுடன் தெரிவது ஒன்று. இன்னும் தெரியாதது, ஆனால் எப்போது வேண்டுமானாலும் தெரிந்துவிடக்கூடியது இன்னொன்று. இரண்டாவது வகைக்காரர்களுக்கு நாள் முழுக்க ஒரு வேலை இருக்கும்: யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, தெரிந்தவர் தெரியாதவரிடம் சொல்வாரா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பது. இது தோலோடு நிற்கிற விஷயம் இல்லை. அப்பாவின் குடி, நின்றுபோன நிச்சயதார்த்தம், மனநல மாத்திரை, வாடகை வீட்டுக்காரரிடம் சொல்லாத சாதி, வீட்டில் சொல்ல முடியாத பாலினம், கடனில் மூழ்கிய பட்டறை என்று எத்தனையோ முழுக்கைச் சட்டைகள் சேலத்துத் தெருக்களில் நடமாடுகின்றன.

ரகசியங்களைப் பற்றி ஆராய்ந்த மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய குழுவினரும் 2017-ல் ஒன்றைக் கண்டார்கள். அடுத்தவர் எதிரில் மறைக்க வேண்டிய நேரங்கள் அப்படியொன்றும் அதிகம் வருவதில்லை. யாரும் இல்லாதபோது மனம் அந்த ரகசியத்திடமே போய்ப் போய் நிற்கிறதே, அது மிக அதிகம் நடக்கிறது, மனிதரை வாட்டுவதும் அதுதான். இதை நான் யார் சொல்லியும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பேருந்தில், பாத்திரம் தேய்க்கும்போது, தூக்கத்துக்கு முன்னால், நான் போனதெல்லாம் முழங்கைக்குத்தான்.

படத்தில் பேய்களைத் திட்டி மூவரும் ஒரு பாட்டுத் தயார் செய்கிறார்கள். மிராவும் ஜோயியும் உற்சாகமாக வரி சொல்கிறார்கள். ரூமியால் அந்த வரிகளைப் பாட முடியவில்லை. மாற்றலாமா என்று கேட்டுப் பார்க்கிறாள். தோழிகளுக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்குப் படத்திலேயே மிக வலித்த இடம் அது. காரணம் ஒரு கல்யாணப் பந்தி.

ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம், எனக்கு 24 வயது. பக்கத்து இலையில் இருந்த சொந்தக்கார அம்மா, எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டி, "லட்சணமாத்தான் இருக்குது, ஆனா வெண்குஷ்டமாமா. அதான் எந்த எடமும் தகைய மாட்டேங்குது. பாவம், பெத்தவங்க என்ன பண்ணுவாங்க" என்றார். என் முழுக்கை ஜாக்கெட் பாயசத்தில் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆமாங்க என்று தலையாட்டினேன்.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. தோலுக்காக நான் வெட்கப்பட வேண்டியதில்லை என்று புரிய எனக்கு ரொம்ப வருடம் ஆனது. அந்தத் தலையாட்டலுக்காக வெட்கப்படுகிறேன். அது கருமம்.

இனி செலினைப் பற்றி. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த ஆங்கிலேயர் டொனால்டு வினிகாட் 1960-ல் 'மெய்யான தான்', 'போலியான தான்' என்று இரண்டைப் பற்றி எழுதினார். எந்த முகம் காட்டினால் அம்மா முகம் மலர்கிறது என்று குழந்தை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். மலராத முகத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மலரும் முகத்தை வாசலில் நிறுத்தும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உள்ளே இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்த வாசல்காவல். ஓரளவுக்கு அது எல்லோருக்கும் தேவை என்றும் வினிகாட் சொல்கிறார். நாலு பேர் முன்னால் மரியாதையாக நடந்துகொள்வதும் அதில் ஒரு வகைதான். காவல்காரனே வீட்டுக்காரன் ஆகிவிடும்போதுதான் சிக்கல். வெளியில் எல்லாம் நன்றாக நடக்கும், பாராட்டுக்கூட வரும். உள்ளே இருப்பவருக்கு மட்டும் தான் வாழ்கிறோம் என்ற உணர்வே இருக்காது.

படத்தில் விருது மேடையில் ரூமியின் கோடுகள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகின்றன. தோழிகளே அவள் பக்கம் ஆயுதத்தைத் திருப்புகிறார்கள். உடைந்துபோய்ச் செலினிடம் போகிறாள், என்னைக் கொன்றுவிடு என்கிறாள். செலினால் முடியவில்லை. மூடிக்கொள், சரி செய்துவிடலாம் என்று பழையதையே சொல்கிறாள். என் எல்லாவற்றையும் ஏன் உன்னால் நேசிக்க முடியவில்லை என்று ரூமி கேட்கிறாள். நேசிக்கிறேன் என்கிறாள் செலின், ஆனால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. (உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ சாகத் தோன்றும் அளவுக்கு மனம் உடைந்திருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.)

செலினைக் கெட்டவள் என்று என்னால் சொல்ல முடியாது. என் அம்மா துணிக்கடையில் எனக்கு மட்டும் ஜாக்கெட் துணி ஒரு மீட்டர் வாங்குவார். மற்றவர்களுக்கு 80 சென்டி. முழுக்கைக்கு அந்த 20 சென்டி வேண்டும். சித்திரை வெயிலில் கை வேர்த்துப் புண்ணாகும் என்று தெரிந்து, மெல்லிய காட்டனாகத் தேடித் தேடி எடுப்பார். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவர் நினைப்பு. அந்த அன்பில் கலப்படம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை அளவு கொடுக்கும்போதும், உன்னில் காட்டக்கூடாத ஒன்று இருக்கிறது என்ற சேதியும் கூடவே வந்தது. இரண்டும் ஒரே கையால் வந்ததால் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்திருப்பதைப் பற்றி உளவியலாளர்கள் பாமைஸ்டரும் லியரியும் 1995-ல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. பசி மாதிரி, ஒட்டுறவும் மனிதருக்கு அடிப்படைத் தேவை என்றார்கள். எத்தனை பேர் என்பதைவிட, அக்கறையுள்ள சிலரோடு அடிக்கடியும் நிலையாகவும் உறவு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ரூமிக்கு மைதானம் நிறைய ரசிகர்கள். ஆனால் அந்தக் கைதட்டல் எல்லாம் கோடு இல்லாத ரூமிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை.

கூட்டத்தில் ஒட்டிக்கொள்வதற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவளாவதற்கும் என்ன வித்தியாசம் என்பதை என் அப்பாவின் பட்டறையை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு வெள்ளித் துண்டுகளைப் பற்றவைப்பதற்கு முன்னால் சேரும் முகத்தைச் சுத்தமாகத் தேய்ப்பார். வெங்காரத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதி நெருப்புக் காட்டுவார். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ கருப்போ இருந்தால் பொடி இளகினாலும் பரவாது, முத்தாக உருண்டு ஓடிவிடும். ஊதுவதற்கு முன்னால் துண்டுகள் நகராமல் இருக்க மெல்லிய கம்பி சுற்றிக் கட்டியிருப்பார். சின்ன வயதில் நான் அதைப் பார்த்து, "அதான் ஒண்ணா சேர்ந்திருச்சேப்பா" என்றேன். அப்பா கம்பியை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு துண்டும் என் உள்ளங்கையில் தனித்தனியாக விழுந்தன. கல்லூரியில் எனக்கு இருந்தது அந்தக் கம்பிக்கட்டுதான். எல்லோரும் தோழிகள், எல்லாப் படத்திலும் இருப்பேன், படிப்பு முடிந்ததும் கம்பி அவிழ்ந்தது.

அப்படியானால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? வேண்டாம். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ரூமியின் கோடுகள் இரண்டு தடவை வெளியே வருகின்றன. முதல் தடவை மேடையில், அவள் விருப்பம் இல்லாமல். அது அவளைச் சிதைத்தது. இரண்டாம் தடவை அவளே நடந்து வந்து, மூடாத கையோடு பாடுகிறாள். மூடியைத் திறக்கும் உரிமை கோடு உள்ளவருடையது. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். அடுத்தவர் கோட்டை நாம் 'நல்லதுக்காக' வெளிச்சம் போட்டுக் காட்டினால் அது மேடையில் நடந்ததுதான். நானும் ஊருக்கெல்லாம் சொல்லவில்லை. முதலில் சொன்னது ஒரே ஒரு தோழியிடம், 29 வயதில். அவள் இன்றைக்கும் கூட இருக்கிறாள்.

உங்களிடம் ஒருவர் வந்து தன் கையைச் சுருட்டிக் காட்டினால், ஐயோ என்று சொல்லாதீர்கள். இதெல்லாம் ஒரு விஷயமா என்றும் சொல்லாதீர்கள், அவருக்கு அது இருபது வருட விஷயம். எங்க ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். எது வரைக்கும் போகுது என்று கேளுங்கள். என் அண்ணன் மகள் கேட்ட மாதிரி, பதிலுக்குக் காத்திருந்து கேளுங்கள்.

படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. மிராவும் ஜோயியும் ஒரே பாட்டில் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஏமாற்றப்பட்டோம் என்ற அவர்கள் வருத்தமும் நியாயமானதுதான், அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். நிஜத்தில் அது மாதக் கணக்கில் ஆகும். செலினும் ரூமியும் அப்புறம் பேசிக்கொண்டார்களா என்பதைப் படம் காட்டவே இல்லை.

ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கோடுகள் போகவில்லை. பொன்னிற வலை வரவேயில்லை. பழையது கிழிந்து, பல நிறத்தில் ஒரு புதிய வலை வருகிறது. கோடுகளும் நிறம் மாறி ஒளிர்ந்துகொண்டு உடம்பிலேயே இருக்கின்றன. பேய் விரட்டும் படத்தில் இதை எதிர்பார்க்கவில்லை. நம் மொழியில் 'ஆறுதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். புண் ஆறும், காபி ஆறும், கோபம் ஆறும். ஆத்திசூடி படித்த பிள்ளைக்கு 'ஆறுவது சினம்' தெரியும். புண் ஆறினால் தழும்பு இருக்கும். காபி ஆறினாலும் காபி டம்ளரில்தான் இருக்கும், தொட்டால் சுடாது, குடிக்கலாம். மனம் ஆறுவதும் அப்படித்தான் நடக்கிறது. வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்துகொள்வது இதற்கு எதிரானது என்று யாரும் நினைக்க வேண்டாம். களிம்புகளும் ஒளிச் சிகிச்சையும் இருக்கின்றன, பலருக்கு நிறம் திரும்புகிறது, தோல் மருத்துவரைப் பாருங்கள். நானும் பார்த்தேன், கழுத்தில் இருந்தது குறைந்தது, கையில் இருப்பது அப்படியே இருக்கிறது. நிறம் வரும்வரை வாழ்க்கையை நிறுத்தி வைத்ததுதான் நான் செய்த தவறு.

கடைசியில் மூன்று பேரும் குளியல் கூடத்துக்குப் போகிறார்கள். சில நொடிதான் வருகிறது. அண்ணன் மகள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

தீபாவளிக்குப் புடவை எடுத்த பிறகு நானும் அம்மாவும் கடைவீதியில் ஜாக்கெட் துணி எடுக்கப் போனோம். மாம்பழ நிறப் புடவை. கடைப் பையன் துணியை அட்டையிலிருந்து உருட்டிவிட்டு, "எவ்ளோங்கம்மா கிழிக்கட்டும்?" என்றான். அம்மா வழக்கம் போல, "ஒரு மீட்டரு" என்றார். பையன் அளவுகோலை வைத்தான். நான் எதுவும் சொல்லவில்லை. என் கை கடை மேசை மேல் இருந்தது, சுடிதார் அரைக்கை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருப்பா சாமி" என்றார் பையனிடம். "எம்பது போதும்."